கார் ஷட்டர் மெதுவாக ஏறுகிறதா, நடுவில் நிற்கிறதா? வீட்டிலேயே சரிசெய்யும் வழி

பட்டனை அழுத்தினால் கண்ணாடி முனகிக்கொண்டு ஏறுகிறது. முக்கால் வழியில் நிற்கிறது. உள்ளங்கையால் தூக்கிவிட்டால்தான் மூடுகிறது. இந்த நிலையில் கராஜுக்குப் போனால் அனேகமாகக் கிடைக்கும் பதில் "மோட்டர் போயிட்டுது, மாத்த வேணும்" என்பதுதான். மாற்றிய சில மாதங்களில் புது மோட்டரும் அதேபோல முனகத் தொடங்கினால், முதலிலிருந்தே கோளாறு அனேகமாகக் கண்ணாடி ஓடும் பாதையின் றபரான பீடிங்கில் இருந்தது என்று அர்த்தம். அதைச் சுத்தம் செய்ய ஒரு ஸ்பிரே டின்னும் ஒரு காலை நேரமும் போதும்.

கொழும்பில் இந்தக் கோளாறு அதிகம். 2020 முதல் 2025 தொடக்கம் வரை கார் இறக்குமதி நின்றிருந்ததால் வீதியில் பத்து வயதை எட்டிய கார்கள் நிறைய. பீடிங் றபர் இறுகிவிட்டது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை போலக் கடலோரம் நிறுத்தும் கார்களில் உப்புக்காற்று சுவிட்சுக்குள்ளும் வயருக்குள்ளும் புகுந்து செம்பைத் தின்கிறது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். செலவில்லாததிலிருந்து செலவானதற்குப் போகிற வரிசை இது.

1. எதையும் கழற்றமுன் பத்து நிமிடச் சோதனை

முதலில் சாரதி பக்கத்தில் இருக்கும் ஷட்டர் லொக் பட்டனைப் பாருங்கள். குழந்தைகள் அழுத்திவிட்டுப் போன லொக்குக்காகக் கதவின் உட்பலகையான டோர் போர்டைக் கழற்றியவர்கள் உண்டு. அடுத்து, எஞ்சினை ஓடவிட்டு நான்கு கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாக ஏற்றி, கைத்தொலைபேசியில் நேரம் எடுங்கள். நல்ல நிலையில் உள்ள கண்ணாடி அடியிலிருந்து மேலே போக சுமார் மூன்று முதல் ஐந்து விநாடி எடுக்கும். ஒன்று மட்டும் எட்டு, பத்து என்று இழுத்தால் கோளாறு அந்தக் கதவில். நான்கும் மெதுவென்றால், அதுவும் எஞ்சின் நிற்கும்போது மட்டும் மெதுவென்றால், பற்றரியைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை அண்மித்துக் கிடைக்கும். நிற்கும்போது நல்ல பற்றரியில் 12.6 வோல்ட். இறங்கிப்போன பற்றரியில் எந்த மோட்டரும் சோம்பிவிடும்.

இனி முக்கியமான சோதனை. பட்டனை அழுத்திக்கொண்டே கண்ணாடியின் இரு முகத்திலும் உள்ளங்கைகளை வைத்து மேலே தள்ளுங்கள். கண்ணாடியின் மேல் விளிம்பைப் பிடிக்கவேண்டாம், விரல் மாட்டும். தள்ளியதும் சட்டென்று ஓடினால் கண்ணாடி எங்கோ இறுகி உரசுகிறது, அல்லது மோட்டர் தளர்ந்திருக்கிறது. இந்த இரண்டில் உரசலைத்தான் முதலில் தீர்க்கவேண்டும்.

கண்ணாடி அசையவே இல்லையென்றால், இரவில் அல்லது நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் உள்விளக்கைப் போட்டுக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். எஞ்சின் நிற்கவேண்டும். ஹைபிரிட் கார் என்றால் ரெடி நிலைக்குப் போகாமல், இக்னிஷனை மட்டும் போடுங்கள். விளக்கு சற்று மங்கினால் மின்சாரம் மோட்டருக்குப் போகிறது, ஏதோ ஒன்று அதை ஓடவிடாமல் பிடித்திருக்கிறது. மங்காவிட்டால் ஃபியூஸ், சுவிட்ச், வயர், மோட்டருக்குள் மின்சாரம் கடத்தும் பிரஷ் ஆகிய நான்கில் ஒன்று. உள்விளக்குக்கு எல்ஈடி போட்டவர்களுக்கு இந்த மங்கல் கண்ணுக்குத் தெரியாது. கதவில் காதை வைத்து "டக்" என்ற சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள்.

பயணி பக்கக் கண்ணாடி என்றால், அந்தக் கதவின் சொந்தப் பட்டனிலும் சாரதி பக்கத்து மாஸ்டர் சுவிட்சிலும் தனித்தனியே அழுத்துங்கள். ஒன்றில் வேலை செய்து மற்றதில் செய்யாவிட்டால் கோளாறு அனேகமாகச் சுவிட்சில். நேரே 4ஆம் படிக்குப் போங்கள். நாலைந்து தடவை ஓட்டியபின் முற்றாக நின்று, பத்து நிமிடம் கழித்து மீண்டும் வேலை செய்தால், சூடேறினால் மின்சாரத்தை நிறுத்த மோட்டருக்குள் இருக்கும் வெப்பக் காப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. அளவுக்கு மீறிய பளு என்பதற்கு அது சாட்சி.

கடகடவென்று உடையும் சத்தம் வந்தாலோ, கண்ணாடி ஒருபக்கம் சரிந்தாலோ, உடனே கையை எடுங்கள். அனேகமாகக் கண்ணாடியை இழுக்கும் கேபிள் அறுந்துகொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு தடவை அழுத்தினால் கண்ணாடி கதவுக்குள் விழும்.

2. பீடிங்கைக் கழுவுதல்

ஒரு கதவுக்கு அரை மணி நேரம், காய்வதற்கு இன்னும் அரை மணி. காலையில் தொடங்குங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியுடன் மழை வரும். பீடிங் ஈரமாக இருக்கும்போது ஸ்பிரே அடித்தால் பிடிக்காது.

தேவையானவை: சிலிக்கோன் ஸ்பிரே ஒன்று, ஐஸ்கிறீம் குச்சி நாலைந்து, பழைய பருத்தி பெனியன் துணி, ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு கலந்த ஒரு கோப்பைத் தண்ணீர், பழைய பத்திரிகைத் தாள். ஸ்பிரே வாங்கும்போது டின்னில் சிலிக்கோன் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா பாருங்கள். காய்ந்தபின் பிசுபிசுக்காத வகை கிடைத்தால் அதையே எடுங்கள்.

கண்ணாடியை முழுவதும் இறக்குங்கள். கதவுச் சட்டத்தின் முன் பக்கம், மேல், பின் பக்கம் என்று மூன்றிலும் பள்ளமாக ஓடும் றபர்தான் கண்ணாடி ஓடும் பாதை. அதன் உள்முகத்தில் வெல்வெட் போல மெல்லிய இழைப் பூச்சு ஒட்டியிருக்கும். குச்சியில் துணியை ஒரு சுற்றுச் சுற்றி, ஷாம்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பள்ளத்துக்குள் விட்டு மேலிருந்து கீழே ஒரே இழுவையாக இழுங்கள். முதல் இழுவையில் துணி தார் பூசியதுபோலக் கறுப்பாக வரும். அதில் வீதிப் புழுதி, பழைய எண்ணெய், றபரின் சொந்தத் தூள் மூன்றும் அரைபட்ட பசை இருக்கும். கண்ணாடியை இறுக்கிப் பிடித்தது அதுதான். துணியை மாற்றி மாற்றி, சாம்பல் நிறம் மட்டும் வரும்வரை இழுங்கள். பின் பக்கத்துப் பள்ளம் கதவுக்குள்ளும் கீழே தொடர்கிறது. குச்சி எட்டுமட்டும் விடுங்கள். பக்கச் சட்டமும் மேல்சட்டமும் சேரும் இரண்டு மூலைகளை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். கண்ணாடி கடைசி இரண்டு அங்குலத்தில் தயங்குவது அனேகமாக அங்கேதான்.

கதவின் இடுப்பில், கண்ணாடி உள்ளே இறங்கும் வாயில், வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரண்டு பீடிங் இருக்கும். அவற்றின் உதடுகளையும் துடையுங்கள். வெளிப்பீடிங் சுருங்கி வெடித்திருந்தால் மணல் அதற்குள் ஒட்டிக்கொண்டு கண்ணாடியில் நெடுங்கோடுகள் கீறும். அப்படியானால் பீடிங்கையே மாற்றுங்கள், ஸ்பிரே உதவாது.

நன்றாகக் காய்ந்தபின் இருக்கை, ஸ்டியரிங், டோர் போர்ட் எல்லாவற்றையும் பத்திரிகைத் தாளால் மூடி, ஸ்பிரேயின் மெல்லிய குழாயைப் பள்ளத்துக்குள் வைத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு விநாடி அடியுங்கள். ஐந்து நிமிடம் விட்டு, கண்ணாடியை ஐந்தாறு தடவை முழுதாக ஏற்றி இறக்குங்கள். கண்ணாடியில் படியும் மங்கலைக் கண்ணாடித் திரவத்தால் துடையுங்கள். முன் கண்ணாடியில் ஒரு துளியும் படவிடாதீர்கள். மழையில் வைப்பர் இழுக்கும்போது எதிரே வரும் விளக்குகள் எல்லாம் பரந்து தெரியும், அது ஆபத்து.

எல்லோரும் விழும் பொறி ஒன்று இங்கே உண்டு. வீட்டில் இருக்கும் டபிள்யூடி-40 டின்னை எடுத்து அடித்துவிடுவார்கள். அன்றைக்குக் கண்ணாடி பறக்கும். அது பெற்றோலிய எண்ணெய் வகை. றபருக்கு ஆகாது, எஞ்சும் எண்ணெய்ப் படலத்தில் புழுதி வந்து ஒட்டும். சில கிழமையில் முன்னையதைவிட மோசமாக இறுகும். தேங்காய் எண்ணெயும் கிறீஸும் அதே கதைதான். ஏற்கனவே அடித்துவிட்டீர்கள் என்றால் ஷாம்புத் தண்ணீரால் இரண்டு தடவை கழுவிவிட்டுத் தொடங்குங்கள்.

இவ்வளவும் முடித்து மீண்டும் நேரம் எடுத்துப் பாருங்கள். ஐந்து விநாடிக்குள் வந்துவிட்டால் வேலை முடிந்தது.

3. டோர் வைசரும் டின்டும்

பீடிங் சுத்தம், ஆனாலும் மேலே போகும்போது மட்டும் இறுகுகிறதா? பள்ளத்துக்குள் செருகும் வகை மழை வைசர் போட்டிருந்தால் அதன் ஓரம் பள்ளத்தை ஒடுக்கும். கண்ணாடியை முழுதாக மூடி ஒரு இரவு விட்டால் புது வைசர் சில சமயம் இடம் கொடுக்கும். தடிப்பான மலிவு வைசர் என்றால் கழற்றிவிடுவதே நல்லது. டின்ட் ஸ்டிக்கரின் கீழ் ஓரம் உரிந்து உள்பீடிங்கில் மடிந்து சிக்குவதும் உண்டு. உரிந்த ஓரத்தைக் கூரான பிளேடால் நேராக வெட்டிவிடுங்கள்.

4. மாஸ்டர் சுவிட்ச்

மழையில் கண்ணாடியை இறக்கி டோல் டிக்கெட் வாங்கும் ஒவ்வொரு தடவையும் சாரதி பக்கத்துச் சுவிட்சில் நீர்த்துளி விழுகிறது. உள்ளே உள்ள செம்புத் தொடுகைகள் முதலில் கறுத்து, பிறகு பச்சைக் களிம்பு பிடிக்கும். பழைய கார்கள் பலவற்றில் பயணி பக்க மோட்டரின் எர்த் பாதையும் இந்த மாஸ்டர் சுவிட்சுக்குள்ளால்தான் போகிறது. அதனால் இடது கதவுக் கண்ணாடி மெதுவாக ஓடுவதற்கு வலது கதவுச் சுவிட்ச் காரணமாக இருக்கலாம். இதை அறியாமல் இடது மோட்டரை மாற்றினால் பணம் வீண்.

இக்னிஷனை நிறுத்தி, சுவிட்சுத் தட்டின் ஓரத்தில் பிளாஸ்டிக் நெம்பியைச் செருகித் தூக்குங்கள். இரும்பு ஸ்க்ரூ டிரைவர் என்றால் முனையில் துணி சுற்றுங்கள். சொக்கெட்டின் பூட்டு நாக்கை அழுத்தித்தான் இழுக்கவேண்டும். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பெட்டியைத் திறக்கும்போது ஒரு பெரிய தட்டத்துக்குள், அல்லது உள்ளே தெரியும் ஒரு பொலித்தீன் பைக்குள் கையை விட்டுத் திறவுங்கள். மிளகு அளவு ஸ்பிரிங்குகள் துள்ளி விழும். ஒன்று தொலைந்தால் புதுச் சுவிட்ச்தான். ஒவ்வொரு அடுக்கையும் எடுக்கமுன் படம் பிடியுங்கள். கொண்டக்ட் கிளீனர் அடித்து, தடித்த காகிதத் துண்டைத் தொடுகைகளுக்கு இடையில் வைத்து இழுத்துத் துடையுங்கள். மண்தாள் போடவேண்டாம், மேற்பூச்சு போய்விட்டால் அடுத்த மாரிக்குள் மீண்டும் கறுக்கும். ஒரு மணி நேர வேலை.

5. டோர் போர்டைக் கழற்றுதல்

இங்கிருந்து பொறுமை தேவை. முதல் தடவை ஒரு கதவுக்கு இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். உத்தரவாதக் காலம் இன்னும் முடியாத காரில் இதைச் செய்யவேண்டாம், நேரே முகவரிடம் போங்கள்.

போர்டுக் கிளிப்புகள் ஐந்தாறை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பழைய காரில் ஒன்றிரண்டு உடையாமல் வராது. கண்ணாடி அசையுமானால் முதலில் மேலே ஏற்றிவிடுங்கள். பிறகு இக்னிஷனை நிறுத்தி, பற்றரியின் மறை முனையைக் கழற்றிச் சில நிமிடம் பொறுங்கள். சில கார்களில் பக்க எயார்பேக்கின் சென்சர் கதவுக்குள் இருக்கும். மஞ்சள் சொக்கெட் எதையும் மின்சாரம் இருக்கும்போது தொடாதீர்கள். டொயோட்டா அக்குவாவில் இந்தப் பற்றரி பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது, பொனட்டைத் திறந்து தேடவேண்டாம்.

திருகாணிகள் வழக்கமாக மூன்று இடத்தில் ஒளிந்திருக்கும்: உள்கைப்பிடிக் கிண்ணத்தின் சின்ன மூடிக்குப் பின்னால், இழுத்து மூடும் பிடியின் அடியில், பின்னால் பார்க்கும் பக்கக் கண்ணாடியின் முக்கோண மூடிக்குப் பக்கத்தில். எல்லாம் கழற்றியபின் போர்டின் கீழ் மூலையில் விரலைச் செருகி, கிளிப்புக்கு அருகில் பிடித்து இழுங்கள். கீழும் பக்கமும் விட்டதும் போர்டை நேராக மேலே தூக்குங்கள். மேல் ஓரம் கதவின் இடுப்பில் கொழுவியிருக்கிறது; உங்கள் பக்கம் இழுத்தால் அது கிழியும். கைப்பிடிக் கம்பியையும் சொக்கெட்டையும் விடுவித்தபின் போர்டை எடுத்து வையுங்கள்.

உள்ளே பொலித்தீன் தாள் ஒன்று தார்போன்ற கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும். இதைக் கிழித்தெறியும் பழக்கம் கராஜ்களில் உண்டு. ஆனால் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீரை உள்ளே வராமல் தடுப்பது இந்தத் தாள் ஒன்றுதான். இல்லாவிட்டால் மே மாத மழையில் போர்டு ஊறி, தரைவிரிப்பு நனைந்து, கார் முழுக்கப் பூஞ்சை மணக்கும். பசையை மெதுவாக நீட்டி, நடுவே பிளேடால் அறுத்து, தேவையான மூலையை மட்டும் விடுவித்து மேலே மடித்து ஒட்டுங்கள். பசையில் விரலும் தூசியும் படாமல் பாருங்கள்.

கையோடு கதவின் அடி விளிம்பில் உள்ள வடிகால் துவாரங்களையும் குத்திவிடுங்கள். அடைபட்டிருந்தால் உள்ளே நின்ற தண்ணீர் கறள் நிறத்தில் கொட்டும்.

6. வயரும் வோல்ட்டும்

பற்றரியை மீண்டும் கொழுவி, சுவிட்சைச் சொக்கெட்டில் தொங்கவிட்டு, மல்டிமீட்டரை மோட்டர் சொக்கெட்டின் இரண்டு கம்பிகளிலும் பின்பக்கமாகக் குத்துங்கள். யாரையாவது பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். மோட்டர் இணைந்திருக்கும்போதுதான் அளக்கவேண்டும். கழற்றி அளந்தால் கெட்ட வயரும் 12 வோல்ட் காட்டும். பற்றரியைவிட ஒரு வோல்ட்டுக்குள் குறைவு என்றால் சரி. இரண்டு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் சுவிட்சிலோ வயரிலோ மின்சாரம் தேங்குகிறது. அங்கே மோட்டரை மாற்றி ஒரு பயனும் இல்லை.

வயர் அறுவது அனேகமாக ஒரே இடத்தில்தான்: கதவுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள றபர் குழாய்க்குள். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் மடிந்து மடிந்து, வெளி உறை முழுதாகத் தெரியும், உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். குழாயைத் தள்ளி ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுங்கள். சுயிங்கம் போல நீளும் வயர் அறுந்த வயர். உறையைக் கீறினால் செம்புக்குப் பதில் பச்சைத் தூள் கொட்டும். முறுக்கி டேப் சுற்றினால் நிலைக்காது. புது வயர்த் துண்டு வைத்து, மடிப்பு விழாத இடத்தில் ஈயம் பற்றவைத்து, சுருங்கும் குழாய் போடுங்கள்.

7. மோட்டரும் ரெகுலேட்டரும் (கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி)

வோல்ட் சரி, பீடிங் சரி, ஆனாலும் ஓடவில்லை என்றால் பட்டனை அழுத்திக்கொண்டு மோட்டர் உடலை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். உயிர் வந்தால் பிரஷ் தேய்ந்துவிட்டது. இரண்டே கம்பி உள்ள மோட்டருக்கு மட்டும் பற்றரியிலிருந்து ஃபியூஸ் வைத்த வயரால் நேரே கொடுத்துப் பார்க்கலாம். ஓட்டோ வசதியுள்ள (ஒரு தட்டில் கண்ணாடி தானே முழுதாக ஏறும்), ஐந்தாறு கம்பி போகும் மோட்டருக்கு நேரே கொடுத்தால் உள்ளே இருக்கும் இலத்திரனியல் எரிந்துவிடும்.

கழற்றமுன் கண்ணாடியைப் பிடித்துவைக்க வேண்டும். கீழே உள்ள துவாரங்களில் கண்ணாடியின் போல்ட்டுகள் (பெரும்பாலும் 10 மி.மீ.) தெரியும் உயரத்துக்குக் கொண்டுவந்து, அவற்றைத் தளர்த்தி, கண்ணாடியைக் கையால் உச்சிக்குத் தள்ளி, அகல மாஸ்கிங் டேப்பை மூன்று இடத்தில் சட்டத்துக்கு மேலால் உள்ளும் வெளியும் ஒட்டுங்கள். கதவுக் கண்ணாடி விளிம்பில் அடிபட்டால் ஒரே நொடியில் துகளாகிவிடும்.

ரெகுலேட்டர் கேபிள் வகை என்றால், கண்ணாடியைத் தாங்கும் பிளாஸ்டிக் துண்டு வெடித்திருக்கிறதா, கேபிள் இழைகள் தூரிகை முடிபோல விரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டில் எது இருந்தாலும் முழுச் செட்டை மாற்றுவதே புத்தி. கத்தரிக்கோல்போல இரும்புக் கைகள் குறுக்கிடும் வகையில் பல்லுச் சக்கரத்தோடு ஒரு வலுவான சுருள் ஸ்பிரிங் இருக்கும். மோட்டரை மட்டும் கழற்றினால் அந்த இரும்புக் கைகள் சட்டென்று அடிக்கும், விரல் உடையும். பல்லுத் தகட்டை ஒரு போல்ட்டால் நிலைப்படுத்தத் தெரியாவிட்டால் மோட்டரோடு சேர்த்தே இறக்குங்கள். ரிவெட் அடித்த ரெகுலேட்டர் என்றால் துளையிட வேண்டும். அந்த ஒன்றை கராஜ் பாஸிடம் கொடுத்துவிடுவது நல்லது.

ரெகுலேட்டர் நல்லதென்றால் இரும்புத் தண்டவாளத்தில் உள்ள பழைய கிறீஸை வழித்துத் துடைத்து, வெள்ளை லித்தியம் கிறீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். கிறீஸுக்கு இடம் இந்தத் தண்டவாளம்தான். றபருக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.

8. சாமான் வாங்கப் போகும்போது

கொழும்பில் பஞ்சிகாவத்தை, நுகேகொடைப் பக்கம் என்றால் டெல்கந்த. ஞாயிறும் போயா தினமும் பெரும்பாலான கடைகள் பூட்டு; ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு சனிக்கிழமை காலையே வாங்கிவிடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை மூன்று. கழற்றிய பழைய சாமான். சொக்கெட்டின் முகம் தெளிவாகத் தெரியும் படம். காரின் மொடல் குறியீடும் செசி இலக்கமும். "வேகன்ஆர் முன் ஷட்டர் மோட்டர்" என்று கேட்டால் எந்தத் தலைமுறைக்கும் உரியதைத் தருவார்கள். எம்எச்55எஸ், அக்குவா என்றால் என்எச்பி10, ஃபிட் ஹைபிரிட் என்றால் ஜிபி5 என்று சொன்னால்தான் சரியானது வரும். செசி இலக்கம் வாகனப் பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. லீசிங்கில் எடுத்த காரின் மூலப் பிரதி நிறுவனத்திடம் இருக்கும் என்பதால் ஒரு போட்டோக் கொப்பியைத் தொலைபேசியில் வைத்திருங்கள். இடதா வலதா, முன்னா பின்னா என்பதை எழுதிக்கொண்டு போங்கள்.

விலை டொலரோடு ஏறி இறங்குவதால் மூன்று கடையில் கேட்டே வாங்குங்கள். ஜப்பானில் கழற்றிய பாவித்த சாமான், புதுச் சீனச் சாமான், புது ஜெனுவின் என்று மூன்றின் விலையையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஷட்டர் மோட்டருக்கு பாவித்த ஜப்பான் சாமான் நல்ல தெரிவு. கடையிலேயே பற்றரியில் கொழுவி இரு திசையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சத்தம் சீராக இருக்கவேண்டும். பீடிங்கைப் பாவித்ததாக வாங்காதீர்கள், அதுவும் இறுகியதுதான். போட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் அடுத்த நாள் செல்லாது.

9. மூடுதல்

கண்ணாடிப் போல்ட்டுகளை முதலில் விரலால் மட்டும் இறுக்கி, கண்ணாடியை உச்சிக்கு ஏற்றுங்கள். பள்ளத்துக்குள் அது தன் நேரைத் தானே பிடிக்கும். பிறகு மெல்ல இறக்கி, போல்ட்டுகள் தெரியும் இடத்தில் இறுக்குங்கள். இறக்கி வைத்து அப்படியே இறுக்கினால் கண்ணாடி கோணலாக ஏறி, புது மோட்டரையும் திணறவைக்கும்.

தாளை ஒட்டியபின், போர்டு போடமுன், ஒரு போத்தல் தண்ணீரைக் கண்ணாடியின் வெளிமுகத்தில் ஊற்றுங்கள். நீர் அடித்துவாரங்களால் மட்டும் வெளியேறவேண்டும். தாளின் உட்பக்கம் ஒரு துளி கசிந்தாலும் அந்த இடத்தைத் திரும்ப அழுத்துங்கள். தாளின் கீழ் ஓரம் கதவின் உட்பக்கமாகச் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பற்றரியைக் கழற்றியதால் ஓட்டோ ஏற்றம் மறந்துபோயிருக்கும். சில கார்களில் பட்டன் விளக்கு மினுங்கும். ஜப்பான் கார்கள் பலவற்றில், எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை முழுதாக இறக்கி, மேலே இழுத்துப் பிடித்தபடி மூடி, மூடியபின்னும் சில விநாடி பட்டனை விடாமல் பிடித்தால் நினைவு திரும்பும். ஒவ்வொரு கதவிலும் அந்தக் கதவின் சொந்தப் பட்டனால் செய்யுங்கள். காருக்குக் காரான சரியான முறை உரிமையாளர் கையேட்டில் இருக்கிறது. இதைச் செய்தும் கண்ணாடி மூடப்போய்த் தானாகக் கீழே இறங்கினால், விரல் மாட்டியதாக நினைத்துப் பாதுகாப்பு முறை திரும்பிவிடுகிறது என்று பொருள். பீடிங்கில் இன்னும் எங்கோ இறுக்கம் இருக்கிறது. குச்சியையும் துணியையும் எடுத்துக்கொண்டு அந்த மேல்மூலைகளுக்குத் திரும்பப் போங்கள்.